தெரிந்த இடம்

ரயில் குவாங்கைத் தாண்டியதும் கமலநாதன் சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அடுத்த ஸ்டேஷன் ரவாங்.

பக்கத்தில் ரமணி, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், புருஷன் வேலைக்குப் போகும் ரயிலில் அவள் ஏறியது இதுதான் முதல் தடவை.

எல்லாம் இந்தப் போனால் வந்த வினை.

கீழே விழுந்து முன்பக்கக் கேமரா உடைந்துவிட்டது. அதற்குப் பிறகு அது அவர் முகத்தை அடையாளம் காண்பதில்லை. பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் வீட்டுக்குக் கீழேயே கடை வைத்திருக்கும் ஷம்சுதீன், போனில் இருக்கும் திருட்டுப் பூட்டை எடுத்துவிட்டுக் கொடுத்தால்தான் கை வைப்பேன் என்றான். பூட்டை எடுக்க முகம் வேண்டும். முகம் இல்லையென்றால், போனுக்குப் பழக்கமான இடத்தில் நின்று ரகசிய நம்பரைப் போட வேண்டும். நம்பரைத் தெரிந்துகொண்ட திருடன்கூட வீட்டுக்குள் வந்து நின்று போட மாட்டானாம். என்ன மூளை!

சரியென்று வீட்டில் போட்டார். ஹாலில் போட்டார், பால்கனியில் போட்டார், சாமி மேடைக்கு முன்னால் நின்றும் போட்டார். இது பழக்கமில்லாத இடம் என்று ஒரே பதில். பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்த வீட்டில் நின்று, நான் திருடன் இல்லை என்று ஒரு போனிடம் கெஞ்ச வேண்டியிருந்தது.

"வீட்டையே தெரியலங்குது அண்ணே. நீங்க வேல செய்யிற எடத்துல போய்ப் போட்டுப் பாருங்க லா," என்றான் ஷம்சுதீன்.

அதை ரமணியை வைத்துக்கொண்டு சொன்னதுதான் வம்பாகப் போயிற்று.

"அப்ப இன்னிக்கே போயிட்டு வந்துருவோங்க. நானும் வரேன், வீட்ல சும்மாதான இருக்கேன்," என்று சோற்றைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

போனைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. சில மாதமாக வீட்டுப் படி ஏறும்போதே கமலநாதன் அதை அணைத்துவிடுவார். ஆலையின் பழைய ஆட்கள் யாராவது கூப்பிட்டு, ரமணி எடுத்துப் பேசிவிட்டால்? பேட்டரி சரியில்லை என்று சொல்லி வைத்திருந்தார். காலையில் ரயில் ஏறிய பிறகுதான் அதற்கு உயிர் வரும். வீட்டை அது எங்கே பார்த்தது?

போய்க் காட்டுவதற்கு வேலை செய்யும் இடம் என்று ஒன்றும் இல்லை. ரவாங்கில் அவர் கலர் கலக்கிக்கொண்டிருந்த பெயின்ட் ஆலையைத் தீபாவளிக்கு முன்பே மூடிவிட்டார்கள். அன்று சாயந்திரம் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று மறுநாளும் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அந்த நாளைக்கு இன்னும் வந்தபாடில்லை. ஆலை மூடும்போது கொடுத்த பணம், மாதம் பிறந்ததும் சம்பளம் போல ரமணி கைக்குப் போய்க்கொண்டிருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவர் தைப்பூசம் கழிந்தும் மறைத்துக்கொண்டிருந்தார். ரவாங் ஸ்டேஷன் பெஞ்சில் பொழுதெல்லாம் உட்கார்ந்து, அவள் கட்டிக்கொடுத்த சோற்றையே தின்றுகொண்டு.

ரமணிக்குச் சந்தேகம் வந்ததாகத் தெரியவில்லை. முன்பெல்லாம் பெயின்ட் தின்னர் வாசம் மற்ற துணிக்கு ஏறிவிடும் என்று அவர் சட்டையைத் தனி வாளியில் ஊறவைப்பாள். இப்போது எல்லாவற்றையும் ஒன்றாக மெஷினில் போட்டுவிடுகிறாள். பாவம், அவளுக்கும் அலுத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

சாப்பாட்டு டப்பாவோடு இப்போதெல்லாம் ஒரு ஸ்பூனும் ஈரத்துணியும் வேறு வைக்கிறாள். பிசைந்து சாப்பிடுகிறவனுக்கு ஸ்பூன் எதற்கு? ஆனால் கை கழுவ எழுந்து போனால் பெஞ்சில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் அவரும் கேட்கவில்லை.

ரயில் வேகம் குறைந்தது.

சனிக்கிழமை, கேட் பூட்டியிருக்கும் என்று சொல்லலாம். வெளியாட்களை விட மாட்டார்கள், நீ இங்கேயே இரு, நான் மட்டும் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லலாம். எத்தனை பொய்! வேலை செய்த காலத்தில்கூட அவருக்கு இவ்வளவு களைப்பு இருந்ததில்லை. இந்த ரயில் ரவாங்கில் நிற்காமல் எங்காவது போய்த் தொலைந்தால் தேவலை என்றிருந்தது.

நின்றது. இறங்கினார்கள்.

கூட்டம் படிக்கட்டுப் பக்கம் போனது. ரமணி நகரவில்லை. இங்கேயே ஒரு தடவை போட்டுப் பாருங்களேன் என்றாள்.

இங்கே எதற்கு என்று கேட்க வாயெடுத்தார். பிறகு போனை எடுத்து நம்பரைத் தட்டினார். ஒரு எண் தப்பிப்போய், அழித்துவிட்டு மறுபடி தட்டினார்.

போன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பூட்டு எடுபட்டுவிட்டது.

கமலநாதன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவமானத்தில் காது சுட்டது. நிமிர்ந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அவள்தான் அவர் கையிலிருந்து போனை வாங்கிப் பைக்குள் போட்டாள். பிளாட்பாரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு தடவை பார்த்தாள்.

"எந்த பெஞ்சுங்க?" என்றாள்.

அவர் கை காட்டினார். ரமணி முன்னால் போய் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் துடைத்துவிட்டு, டப்பாவை வெளியே எடுத்தாள்.

பையில் இன்றைக்கு இரண்டு ஸ்பூன் இருந்தது.