நாற்பத்தோராவது சீவல்

அன்று வந்த ஸ்லைடுகளில் ஒன்று மட்டும் அநியாயத்துக்குச் சுத்தமாக இருந்தது. உணவுக்குழாயில் கிள்ளியெடுத்த சதைத் துணுக்கு. மடிப்பில்லை, கிழிசலில்லை. லேபிளில் பெயரும் இல்லை, வெறும் எண்.

டாக்டர் மங்கையர்க்கரசி மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். ட்ரேயை வைத்ததும் நழுவிவிடும் டெக்னீஷியன் அருளப்பன் இன்று வாசலிலேயே நின்றான். பதினொரு வருடமாக அவன் சீவித் தரும் சதையைத்தான் அவர் பார்க்கிறார். இத்தனை பொறுமையாக அவன் எதையும் சீவியதில்லை. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தும் வாரக்கணக்காகிறது.

“இது எத்தனையாவது சீவல், அருளப்பன்?”

“நாப்பத்தொண்ணு மேடம். மத்ததெல்லாம் மடிஞ்சும் கிழிஞ்சும் போச்சு.”

“உங்களுக்குச் சோறு எத்தனை மாசமா தொண்டையில நிக்குது?”

“ஆறு மாசமா. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கேன்சர்னு முடிஞ்சுது.”

அவர் மறுபடி குனிந்து, ஸ்லைடை ஓரம்வரை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பிறகு எழுந்து நாற்காலியை அவனுக்கு விட்டார்.

“உக்காருங்க. சிவப்பா பொடி நிறைஞ்ச செல் தெரியுதுல்ல, அதை எண்ணுங்க.”

“...இருபத்திரெண்டு, இருபத்திமூணு.”

“லென்ஸ்ல தெரியிற ஒரே வட்டத்துக்குள்ள அந்த செல் பதினஞ்சைத் தாண்டினாலே அலர்ஜி வீக்கம்னுதான் சந்தேகப்படணும். கேன்சர் செல் ஒண்ணுகூட இல்ல. மருந்து இருக்கு.”

அவன் நிமிரவில்லை. ஒன்றிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினான். மேஜைமேல் அவன் வாங்கி வந்த இரண்டு டீயும் ஆடை கட்டியிருந்தன.

“இந்த அலர்ஜிக்குப் பெரும்பாலும் பால்தான் காரணம். கொஞ்ச நாள் நிறுத்திப் பார்ப்போமா?” என்றபடி, அவனுடைய கிளாஸையும் அவர் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.