கேஸுக்குக் கையெழுத்து

வந்தவன் எதையும் படிக்கவில்லை. டாக்டர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

"பாத்தீகளா, கூடப்பிறந்த அண்ணன சோதனை எலியாக்கிட்டான்" என்றார் மலையாண்டி, கூட வந்த ஊர்க்காரர்களிடம்.

உள்ளே கிடப்பது எழுமலைக்காரர் விருமாண்டி. கடுமையான மாரடைப்பு. மலையாண்டி அவருடைய மச்சினன், மதுரைக்குத் தூக்கிவந்து சேர்த்தவர். கையெழுத்துப் போட்டவன் தம்பி அழகுபாண்டி. காலையில் கிணற்றுத் தண்ணீருக்காக அண்ணனும் தம்பியும் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். தம்பி நெஞ்சில் கைவைத்துத் தள்ளியதும் சாய்ந்தவர்தான் விருமாண்டி.

டாக்டர் சுஷ்மா மலையாண்டியிடம் பொறுமையாகத்தான் விளக்கினார். மூச்சுக்குழாய் வழியே ஒரு வாயுவைச் செலுத்திப் பார்க்கும் ஆராய்ச்சி. பலன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பாதிப் பேருக்கு வெறும் காற்றுதான் போகும். யாருக்கு எது என்பது டாக்டருக்கே தெரியாது. மலையாண்டி ஒரேயடியாக மறுத்துவிட்டார். மனைவியை இழந்த, பிள்ளை இல்லாத மனுஷன்; ரத்த சொந்தம்தான் சம்மதிக்க வேண்டும் என்று தம்பிக்குப் போன் போனது.

அழகுபாண்டி வந்து சேர்ந்தபோது நேரம் கடந்துகொண்டிருந்தது. டாக்டர் பேச்சைச் சுருக்கிவிட்டார்.

"கேஸ் குடுக்கணும். நீங்க கையெழுத்துப் போட்டா உடனே ஆரம்பிச்சிரலாம்."

அவன் பேனாவுக்குக் கை நீட்டினான்.

ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். அண்ணன் கண்ணை மூடினால் தோட்டமும் கிணறும் வேறு யாருக்கு? பாவி, என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்டானா என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். நியாயமாகத்தான் பட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் விருமாண்டி இறந்துபோனார். உள்ளே போனது மருந்தா, காற்றா என்று யாருக்கும் தெரியவில்லை.

மலையாண்டி அழகுபாண்டியின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். அவன் தடுக்கவில்லை. பிடி தளர்ந்ததும் நேரே டாக்டர் முன்னால் போய் நின்றான். மூன்று நாளாக அவன் சாப்பிட்டிருக்கவில்லை.

"எம்மேல கேஸ் குடுத்தாத்தான் வைத்தியம் ஆரம்பிப்பீகன்னு அன்னைக்குக் கையெழுத்துப் போட்டேன், டாக்டரம்மா. இப்ப அண்ணன் போயிருச்சு. அடிதடிக் கேஸக் கொலைக் கேஸா மாத்த இன்னொரு கையெழுத்து வேணும்ல?"