உதைப்பு குறைந்த துப்பாக்கி

நவம்பர் மாதத்து மங்கிய வெயில் என் துப்பாக்கிக் கடையின் கண்ணாடி மேசைமேல் விழுந்து கிடக்கிறது. மான் வேட்டைக்காலம் தொடங்க இன்னும் ஒரு வாரம்தான். என் பழைய நண்பன் ஹார்லன் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். அவன் மனைவி லவோன் ஈரக் கையுறைகளைக்கூடக் கழற்றாமல் பின்னால் நிற்கிறாள். இலக்குப் பலகையில் சுட்டுப் பழகவும் மானுக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கி வேண்டும் அவனுக்கு. "308 தோட்டா போடுற துப்பாக்கி வேண்டாம்ப்பா. போன வருஷம் சுடும்போது அது தோள்ல உதைச்ச உதையிலதான் குறி தப்பிடுச்சு. வயித்துல குண்டோட அந்த மான் ஓடினது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது." நான் அதைவிடச் சிறிய தோட்டா போடும் 243 ரகத் துப்பாக்கியை எடுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று திறந்து காட்டிவிட்டு நீட்டுகிறேன். "குண்டு சின்னது. உதைப்பும் கம்மி." அவன் அதைத் தோளில் பொருத்தி, சுவரில் மாட்டியிருக்கும் மான் தலையைக் குறிபார்க்கிறான். "இவனாவது ஓட மாட்டான்" என்று சிரிக்கிறான். துப்பாக்கிக் குழலின் நுனி மானின் கண்ணிலிருந்து காதுக்கும், காதிலிருந்து கொம்புக்கும் போய்ப் போய் வருகிறது. மூச்சைப் பிடித்துப் பார்க்கிறான், நுனி நிற்கவில்லை. "இதைவிடச் சின்னதா ஏதாவது இருக்கா?" "இதுக்கும் கீழ போனா மான் சாகாது, காயம்தான் படும், ஹார்லன்." லவோன் முன்னால் வந்து குழலுக்கு அடியில் உள்ளங்கையை வைக்கிறாள். நுனி அசையாமல் நிற்கிறது. குறியிலிருந்து கண்ணை எடுக்காமலே அவன் சொல்கிறான்: "கையை எடு, லவோன். காட்டுக்குள்ள நீயா வந்து பிடிக்கப்போற?" அவள் என்னைப் பார்க்கிறாள். நான் மேசைக் கண்ணாடியைப் பார்க்கிறேன். அவள் மெல்லக் கையை எடுக்கிறாள். நுனி மறுபடி அலையத் தொடங்குகிறது.