பித்தளைக் கொடி

பதிவு அலுவலகத்தின் புதுப் படிக்கட்டில் காலை வெயில் விழுந்து கண் கூசுகிறது. கைப்பிடி நெடுகப் பித்தளைக் கொடி சுற்றிக் கிடக்கிறது. சாண் இடம் விடாமல் இலை, இலைக்கு இலை ஊசிமுனை. துப்புரவுக்காரி கையுறை மாட்டிக்கொண்டுதான் அதைத் துடைக்கிறாள். போன வாரம் கிழிபட்ட கட்டைவிரலில் இன்னும் பிளாஸ்திரி. இதை வரைந்த புண்ணியவான் பிறந்ததிலிருந்து லிப்டில்தான் போயிருப்பான். "அரண்மனை மாதிரி இல்ல?" என்கிறார் கட்டிய பொறியாளர், செல்போனில் நாலாவது படம் எடுத்தபடி. அவள் அடுத்த இலையைத் துடைக்கக் குனிகிறாள். ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் ஏறுகிறார். கைப்பிடிக்கு நீண்ட கை, இலைமுனை பட்டதும் வெடுக்கென்று விலகி எதிர்ச்சுவரில் ஊன்றுகிறது. அந்த வெள்ளைச் சுவரில் கீழ்ப்படியிலிருந்து மேல்படி வரை அழுக்குக் கைத்தடங்கள் வரிசையாக ஏறிப்போகின்றன. பித்தளையில் ஒரு விரல் தடம்கூட இல்லை. பொறியாளர் முகத்தைச் சுளிக்கிறார். "இந்த சனங்களுக்கு நாகரிகமே கிடையாது. சுவத்தைத் தொடாதீங்கன்னு ஒரு போர்டு மாட்டணும்." அவள் துணியை அவர் பக்கமாகவே உதறுகிறாள். "மாட்டுங்க சார். பித்தளையிலயே மாட்டுங்க. சுத்தி நாலு இலையும் வச்சு."