பீச் பழ மேசை

காலை வெயில் சபைப் பண்டசாலையின் உயரச் சன்னல்களில் இறங்கி, மேசை நெடுகக் குவிந்திருக்கும் பீச் பழங்களில் தணலாய்ப் பற்றுகிறது. கொதிகலன் ஆவிக்குள் தகர டப்பாக்கள் மினுங்கி நகர்கின்றன. இங்கே உதவ வருகிறவரும் உதவி பெற வருகிறவரும் சேர்ந்து நின்றுதான் பழம் நறுக்குகிறார்கள். உழைக்காமல் ஒருவரும் உணவுக் கூடையை வீட்டுக்குத் தூக்குவதில்லை. மாவுக்கும் எண்ணெய்க்கும் பிஷப் எழுதித் தந்த மஞ்சள் சீட்டைச் சட்டைப்பைக்குள் அழுத்திவிட்டுக் கத்தி எடுக்கிறான் ஆர்டன். அவன் வேலை பார்த்த செம்புச் சுரங்கம் மூடி மூன்று மாதமாகிறது. பக்கத்தில் முடி உதிராமலிருக்கத் தலையில் வலை மாட்டிக்கொண்டு நிற்பவர் ஹேட்ச், அந்தச் சுரங்கத்தின் மேலாளராக இருந்தவர். உதவ வந்திருப்பார் என்று ஆர்டன் ஒதுங்குகிறான்.

"கொட்டை பக்கமா வெட்டாத. மடிப்பு வழியா வெட்டித் திருகு."

"சரிங்க ஐயா."

"ஐயாவச் சுரங்கத்தோட சேத்து மூடியாச்சு. பிரதர்னு கூப்பிடு."

சிரித்தபடி அவர் நெற்றி வியர்வையைத் துடைக்கக் கை தூக்குகிறார். மேலங்கி விலகுகிறது, சட்டைப்பையில் அதே மஞ்சள் சீட்டு எட்டிப் பார்க்கிறது. ஆர்டனின் கத்தி நிற்கிறது. மேசையின் மறுகோடிவரை பார்க்கிறான். முழங்கைவரை சாறு வழிய, வெயிலில் பொன்னாய் மின்னும் நாற்பது ஜோடிக் கைகள். எது கொடுக்க வந்த கை, எது வாங்க வந்த கை என்று அவனுக்குத் தெரியவில்லை.