மூணாவது கல்நெஞ்சம்

மின்தடைப் புகார்களைத் தொலைபேசியில் கேட்டுப் பதில் சொல்வது அவள் வேலை. சேர்ந்த புதிதில் யாராவது "கல்நெஞ்சக்காரி" என்று திட்டினால் கழிவறைக்குப் போய் அழுவாள். இப்போது ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு, அவர்கள் திட்டி முடிக்கும்வரை ஆரஞ்சு உரிக்கிறாள்.

பக்கத்து இருக்கைக்காரி தினமும் கேட்பாள். "இன்னிக்கு என்னக்கா வசூல்?"

"ரெண்டு கல்நெஞ்சம், ஒரு ஈவிரக்கமில்லாதவ."

இருவரும் சிரிப்பார்கள்.

அன்று அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று விடுப்பு எடுத்திருந்தாள். மதியம் மின்சாரம் போனது. அம்மாவின் ஆக்சிஜன் இயந்திரம் பேட்டரிக்கு மாறியது. தன் அலுவலக எண்ணையே அழைத்தாள்.

"சொல்லுங்க" என்றது ஒரு குரல். அவளுடைய குரல்தான். பேசுமுன் தொண்டையைச் செருமிக்கொண்டதுகூட அப்படியே இருந்தது.

"எங்கம்மா மெஷின்லதான் மூச்சு விடறாங்க. பேட்டரி ரொம்ப நேரம் தாங்காதுங்க."

"புரியுதுங்க. வரிசைப்படிதான் ஆள் வருவாங்க."

"எங்கம்மாங்க."

"வரிசைப்படிதாங்க."

"நீயெல்லாம் ஒரு மனுஷியா? கல்நெஞ்சக்காரி."

ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. சற்றுத் தள்ளி, பக்கத்து இருக்கைக்காரி வழக்கம்போல வசூலை விசாரித்தாள்.

"இப்பதான் மூணாவது கல்நெஞ்சம்" என்றது அவள் குரல்.

இருவரும் சிரித்தார்கள்.

பேட்டரி விளக்கு சிவப்பாக மாறியது. அவள் போய் அம்மாவின் கன்னத்தைத் தொட்டாள்.

அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "ஆரஞ்சு உரிச்சியாடி? கையெல்லாம் வாசனை."