யார் வீட்டில் அப்பா சமைக்கிறார்?

"சமைக்கிறது அம்மா வேலை, சம்பாதிக்கிறது அப்பா வேலைன்னு யார் சொன்னது?" என்று கேட்டார் டீச்சர். "யாரும் எதையும் செய்யலாம். சரி, யார் வீட்ல அப்பா சமைக்கிறார்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஒரு கைகூட உயரவில்லை. கடைசி பெஞ்சுச் சிறுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

இடைவேளையில் டீச்சர் அவளைத் தனியே அழைத்தார்.

"தினமும் அப்பாதானே சமைக்கிறார்? நீ ஏன் கை தூக்கலை?"

சிறுமிக்குக் கண் கலங்கியது.

"அப்பா வெளியூர்ல வேலை பார்க்கிறார்னு ஸ்கூல்ல சொல்லச் சொன்னது நீதானேம்மா?"

டீச்சர், கணவருக்கு வேலை போன புதிதில், ஏதோ கூச்சத்தில் சொன்னது அது.

"அப்போ அப்பா உனக்குப் பின்னாலதான் நின்னுட்டிருந்தார்" என்றாள் மகள். "அப்படியே திரும்பிச் சமையலறைக்குப் போயிட்டார்."

அவர் கேட்டுவிட்டார் என்பதே டீச்சருக்கு இன்றுதான் தெரிந்தது.